உட்காராத மாப்பிள்ளை

"ஏண்டா இப்படிக் கத்தற?" என்று போனில் கேட்டாள் ஜானகியம்மாள்.

"கத்தலம்மா. கோவிந்தா போட்டேன்," என்றான் அவள் மகன் முருகானந்தம்.

"கோவிந்தான்னு கேக்கலையே. ஆ-ன்னுதான் கேட்டுச்சு."

"மலையில காத்து ஜாஸ்தி. கடைசி எழுத்து மட்டும் வந்திருக்கும்."

"காருல ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். உங்கப்பா ஸ்டீயரிங்க உட்டுட்டுக் கையெடுத்துக் கும்புடறாரு. சரி, தரிசனம் முடிச்சிட்டு நேரா ராசிபுரம் வந்துரு. வேட்டி சட்டை வெச்சிருக்கல்ல?"

"வண்டியில இருக்கும்மா."

"பதினோரு மணிக்குப் பொண்ணு ஊட்ல இருக்கோணும். எங்கயும் உக்காந்துராத, கெளம்பு."

இந்தக் கடைசி அறிவுரை ஒரு நிமிஷம் முன்னால் வந்திருக்கலாம்.

முருகானந்தம் நைனாமலைப் பெருமாள் கோயிலில் இல்லை. புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில், அந்த மலையைத் தூரத்தில் பார்த்தபடி, ஓர் ஏரிக்கரையில் இருந்தான். பைக் சீட்டின் மேல் வைத்திருந்த ரப்பர் மீனின் மேல் உட்கார்ந்திருந்தான். ரப்பர் மீனுக்குள் ஒரு தூண்டில் முள் இருந்தது. இப்போது அந்த முள்ளில் பாதி முருகானந்தத்துக்குள் இருந்தது.

சூரமங்கலத்தில் அவன் அப்பாவுக்கு ஜவுளிக் கடை. கடைக்கு ஆள் வராத மத்தியானங்களில் முருகானந்தம் ஓர் அமெரிக்கக்காரனின் வீடியோக்களைப் பார்ப்பான். அந்த ஆள் படகில் நின்று, கெண்டைக் குஞ்சு போலிருக்கும் ரப்பர் மீனை வீசி, பாஸ் என்றொரு மீனைப் பிடிப்பான். பிடித்து, அதற்கு முத்தம் கொடுத்து, திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவான். இந்த முத்தம்தான் முருகானந்தத்தின் மனதைத் தொட்டது. கொலை இல்லை, குழம்பு இல்லை. ஆனால் இதை சேலம் ஜில்லாவில் யாருக்கும் விளங்க வைக்க முடியாது. மீன் பிடிக்கிறவன் மீன் தின்கிறவன். அதையும் புரட்டாசிச் சனிக்கிழமையில் செய்கிறவனுக்கு வேறு பெயர்.

நம் ஏரிகளில் பாஸ் கிடையாது. விரால் உண்டு, குணம் ஒன்றுதான். பாசிக்குள் படுத்துக் கிடந்து, பக்கத்தில் போகிற சின்னது எதையும் பாய்ந்து கவ்வும். பாசிக்குள் வீச வேண்டும் என்பதால் முள் வெளியே தெரியக்கூடாது. ரப்பர் மீனின் மூக்கில் குத்தி, தாடையில் எடுத்து, முள்ளைத் திருப்பி, உடம்பு கோணாமல் வயிற்றின் வழியாக முதுகுக்கு ஏற்றி, நுனியை மட்டும் தோலுக்கு அடியில் ஒளித்துவைக்க வேண்டும். அப்படிச் செய்தால் பாசியில் மாட்டாது. ஏதாவது ஒன்று வந்து மீனை அழுத்தினால்தான் நுனி வெளியே வரும்.

முருகானந்தம் ஏற்றினால் எப்போதும் கோணிக்கொள்ளும். கோணிய மீன் தண்ணீரில் ஃபேன் மாதிரி சுற்றும். அதைப் பார்த்த விரால்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டனவோ தெரியாது, ஒன்றும் கவ்வவில்லை. இந்த ஒரு வருஷத்தில் அவன் பிடித்தவை: ஆகாயத்தாமரை, கருவேலங்கிளை, யாரோ கரைத்த பிள்ளையாரின் குடை.

இன்றைக்குத்தான் கோணாமல் வந்தது. அழகு பார்ப்பதற்காகச் சீட்டின் மேல் வைத்தான். போன் வந்தது. பேசிக்கொண்டே உட்கார்ந்தான். வீடியோவில் சொன்னது அத்தனையும் சரியாக நடந்தது. அவன் தூண்டிலில் முதன்முதலாக ஓர் உயிர் மாட்டியது.

எழுந்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துப் பார்த்தான். முள்ளின் நுனிக்குப் பின்னால் எதிர்த்திசையில் ஒரு சின்னச் செதுக்கல் இருக்கும். உள்ளே விடும், வெளியே விடாது. இந்த முறை "கோவிந்தா" முழுசாகவே வந்தது. எதிர்க்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் நிமிர்ந்து, பதிலுக்கு, "கோவிந்தா," என்றாள்.

ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். ஆனால் இது சாதாரணப் பெண் வீடு இல்லை. ராசிபுரத்துக் குமாரசாமி பட்டு வேட்டி வியாபாரி. நகை, கார், சம்பளம் எதையும் விசாரிக்காமல் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: பையன் கவிச்சி தொடாதவனாக இருக்க வேண்டும். நாமக்கல்லிலிருந்து வந்த ஒரு வரனை, அவர்கள் வீட்டுக்குப் பின்னால் கோழிப்பண்ணை இருக்கிறது என்பதற்காகவே திருப்பி அனுப்பியவர். ஜானகியம்மாள் அவரிடம், "எம்பையன் மீன் கடை இருக்கற தெருவுல கூட நடக்க மாட்டானுங்க," என்று சத்தியம் செய்திருந்தாள். அது உண்மைதான். அவன் ஏரிக்கரையில் மட்டும்தான் நடப்பான்.

புரட்டாசியில் கல்யாணம்தான் ஆகாது, பார்ப்பதற்கு என்ன என்று நாள் குறித்ததும் அவள்தான். போட்டோவில் குமாரசாமியின் மகள் ஷாலினியைப் பார்த்த நாளிலிருந்து முருகானந்தம் கடையில் சேலையை வேட்டி என்று பில் போட்டுக்கொண்டிருந்தான். இந்தப் பெண்ணை ஒரு ரப்பர் மீனுக்காக இழப்பதா?

கருவேல மரத்துக்குப் பின்னால் போனான். தூண்டில் நரம்பை வெட்டினான். பேண்டைக் கழற்ற முடியவில்லை, முள் பேண்டையும் அவனையும் சேர்த்துத் தைத்திருந்தது. அதனால் முள்ளைச் சுற்றிப் பேண்டை வட்டமாக வெட்டினான். வேட்டி கட்டினான். நீளமான சட்டையைப் போட்டு மூடினான். இப்போது பட்டு வேட்டிக்குள் அப்பளம் அளவில் ஒரு ஜீன்ஸ் துணியும், அதன் மேல் பச்சை நிறத்தில் ஒரு மீனும் இருந்தன. நடந்து பார்த்தான். மீன் வாலை ஆட்டியது. நிஜ மீன் போலவே வாலாட்டும் என்று ரப்பர் மீன் வந்த பாக்கெட்டின் மேல் போட்டிருந்தது பொய்யில்லை. நிஜ மீனின் வாசமும் சேர்க்கப்பட்டிருப்பதாகப் போட்டிருந்தது. அதுவும் பொய்யில்லை.

ராசிபுரம் வரை நின்றுகொண்டே வண்டி ஓட்டினான். வழியில் நைனாமலைக்கு நடந்து போகிறவர்கள் அதை ஒரு வேண்டுதல் என்று நினைத்து ஒதுங்கி நின்று கும்பிட்டார்கள். அவனுக்கு முகம் எரிந்தது. பதிலுக்குக் கும்பிடவும் முடியவில்லை, கை ஹேண்டில்பாரில் இருந்தது.

*

குமாரசாமி வாசலிலேயே நின்றிருந்தார். நெற்றி நிறைய நாமம். கோயிலில் கட்டுவது போலத் துண்டை இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்தார். அப்பாவும் அம்மாவும் ஏற்கெனவே உள்ளே இருந்தார்கள்.

"வாங்க தம்பி. உள்ள போங்க."

"நீங்க முன்னால போங்க."

"அதெப்படிங்க, நீங்க விருந்தாளி. நீங்க போங்க, நான் பின்னால வாரேன்."

"பெரியவங்களுக்கு முன்னால நான் போறதுங்களா? நீங்க போங்க."

முதுகைக் காட்டினால் மீன் தெரியும். முருகானந்தம் அசையவில்லை. குமாரசாமியும் அசையவில்லை. கடைசியில் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி, நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து உள்ளே போனார்கள். ஜானகியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு மரியாதையை அவள் பார்த்ததில்லை.

"உக்காருங்க தம்பி," என்று சோபாவைக் காட்டினார் குமாரசாமி.

"இருக்கட்டுங்க. நீங்க நிக்கறப்ப நான் எப்படிங்க உக்காரறது?"

"நீங்க நிக்கறப்ப நான் எப்படி உக்காரறது?"

இதைக் கேட்டதும், முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்த முருகானந்தத்தின் அப்பா, கடித்ததை விழுங்கிவிட்டு எழுந்தார். அவர் எழுந்ததால் பெண்ணின் அம்மா எழுந்தாள். மூலையில் நாற்காலியில் இருந்த பெண்ணின் தாய்மாமன் சின்னண்ணனுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அவரும் பீரோவைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். காலியான சோபாவைச் சுற்றி மொத்தக் குடும்பமும் பஸ் வராத ஸ்டாப்பில் நிற்பது போல நின்றது.

"மாமா, நீங்களாவது உக்காருங்க," என்றான் முருகானந்தம், குற்றவுணர்ச்சி தாங்காமல்.

"வேண்டாஞ் சாமி," என்றார் சின்னண்ணன். "இத்தனை பேரு நிக்கறப்ப நான் உக்காந்தா நாளைக்கு எல்லாரும் என்னையத்தான் பேசுவாங்க."

நிலைமையைச் சரிசெய்வதாக நினைத்து ஜானகியம்மாள் வாயைத் திறந்தாள். "எம்பையன் அப்படித்தானுங்க. மலைக்குப் போன அன்னைக்குப் பொழுது சாயற வரைக்கும் உக்காரவே மாட்டான். விரதம்."

அப்படி ஒரு விரதம் இருப்பது முருகானந்தத்துக்கு அப்போதுதான் தெரியும்.

"அட," என்றார் குமாரசாமி. அவர் முகம் மலர்ந்தது. "எனக்கும் அதேதானுங்களே. நானும் காலையில மலைக்குப் போயிட்டுத்தான் வந்தேன்."

முருகானந்தம் சட்டையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். நிஜமாகவே மலைக்குப் போனவர். ஒரு கேள்வி கேட்டால் போதும், மாட்டிக்கொள்வான். அந்த ஒரு கேள்வியை அவர் கேட்டார்.

"கூட்டம் எப்படி இருந்துச்சுங்க தம்பி?"

"கூட்டந்தானுங்க."

"கூட்டந்தான். நானும் பாத்தேன்." சற்று நிறுத்தினார். "மேல கொஞ்சம் கம்மி."

"ஆமாங்க. மேல கம்மி."

"கீழ ஜாஸ்தி."

"கீழ ஜாஸ்திங்க. நடுவுல..."

"நடுவுல நடுத்தரமா இருந்துச்சு."

"அதேதானுங்க."

குமாரசாமி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. வந்தவனைச் சோதிப்பதற்குக்கூட மனசு வராத பெரிய மனுஷர் என்று முருகானந்தம் நினைத்தான். அந்தப் பெருந்தன்மை அவனை முள்ளைவிட ஆழமாகக் குத்தியது.

அப்போதுதான் பெண்ணின் அம்மா மூக்கை உறிஞ்சினாள்.

"ஏனுங்க, என்னமோ கவிச்சி வாசம் அடிக்கல?"

"பக்கத்து ஊடு," என்றார் குமாரசாமி, அவள் முடிப்பதற்குள்.

"பக்கத்து ஊட்ல யாரு இருக்கா? பூட்டிக் கெடக்குதே."

"அதுக்கும் பக்கத்து ஊடு. ஜன்னலச் சாத்து."

ஜன்னலைச் சாத்தினார்கள். வாசம் வெளியே போகிற வழியும் அடைபட்டது. நிமிஷத்துக்கு நிமிஷம் அந்தக் கூடம் மீன் சந்தை போல மணந்தது. பெண்ணின் அம்மா வெட்கத்தில் சிவந்துபோய், "எங்க ஊட்ல அப்படியெல்லாம் இல்லீங்க, சம்பந்தி," என்று ஜானகியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, ஓடிப்போய் சாம்பிராணி போட்டுக்கொண்டு வந்தாள். புகையில் எல்லோருக்கும் கண்ணீர் வந்தது. மீன் வாசம் போகவில்லை. இப்போது அது பூஜை செய்யப்பட்ட மீனாக மணந்தது.

தன் பின்பக்கத்துக்காக அடுத்தவர் வீட்டு அம்மாள் மன்னிப்புக் கேட்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எவ்வளவு கேவலம் என்பதை முருகானந்தம் அன்றைக்குத் தெரிந்துகொண்டான்.

ஷாலினி காபித் தட்டோடு வந்தாள். நின்றுகொண்டிருக்கிற கும்பலைப் பார்த்து, வீட்டில் ஏதோ அசம்பாவிதம் என்று ஒரு கணம் பயந்து நின்றாள். போட்டோவைவிட நன்றாக இருந்தாள். எல்லோரும் நின்றுகொண்டே பஜ்ஜி தின்றார்கள். சட்னிக் கிண்ணத்தை வைக்க இடமில்லாமல் சின்னண்ணன் அதைப் பீரோ மேல் வைத்தார்.

"தம்பியப் பத்தி இனி நான் ஒண்ணும் விசாரிக்க வேண்டியதில்லீங்க," என்றார் குமாரசாமி, ஜானகியம்மாளைப் பார்த்து. "இந்த வயசுல, சனிக்கெழமையானா மலை, விரதம்னு ஒரு பையன். என்னையவே நான் கண்ணாடியில பாக்கற மாதிரி இருக்குது."

முருகானந்தம் தலையைக் குனிந்துகொண்டான். அதற்கும் அடக்கம் என்று பெயர் வைத்தார்கள்.

*

"மாடிக்குப் போயி ரெண்டு வார்த்தை பேசிட்டு வாங்க," என்று அனுப்பினார்கள். ஷாலினியை முன்னால் ஏறச் சொல்லிவிட்டு அவன் பின்னால் ஏறினான். ஒவ்வொரு படிக்கும் மீன் ஒரு முறை வாலாட்டியது.

மாடியில் அவள் கைப்பிடிச் சுவரோரம் இருந்த பிளாஸ்டிக் சேரைக் காட்டவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. எனக்கு இது சரியா வரும்னு தோணல."

"ஏனுங்க?"

"எங்கப்பாவப் பாத்தீங்கல்ல? லீவு நாளானா விடியறதுக்கு முன்னால மலைக்குப் போறேன்னு கெளம்பிருவாரு. சாயங்காலம் கறுத்துப்போயி வருவாரு. ஊட்ல முட்டை வாசமே ஆகாது. நான் காலேஜ் படிக்கறப்ப ஹாஸ்டல்ல ஒரு மீன் வறுவல் தின்னதுக்கு மூணு மாசம் பேசல. ஊட்டுக்கு ஒரு சாமியார் போதுமுங்க. கட்டிக்கப் போற எடத்துலயும் இன்னொருத்தரா?"

முருகானந்தம் வாயைத் திறந்தான்.

உண்மையைச் சொன்னால் போதும். நான் சாமியார் இல்லை, மலைக்கே போகவில்லை என்று சொன்னால் போதும். இந்தப் பெண் சிரித்துவிடுவாள், காரியம் முடிந்துவிடும். ஆனால் அடுத்த கேள்வி, அப்படியானால் காலையில் எங்கே போனீர்கள் என்று வரும். அதற்கடுத்தது, ஏன் உட்காரவில்லை என்று வரும். மீன் பிடித்ததை ஒரு பெண்ணிடம் ஒப்புக்கொள்ளலாம். மீன் தன்னைப் பிடித்திருப்பதை, அதுவும் அந்த இடத்தில் பிடித்திருப்பதை, முதல் சந்திப்பிலேயே எப்படி ஒப்புக்கொள்வது?

"நீங்க என்னமோ சொல்ல வந்தீங்க," என்றாள் ஷாலினி.

"ஒண்ணுமில்லீங்க," என்றான். பிறகு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "கோவிந்தா," என்றான்.

அவள் அவனை இரக்கத்தோடு பார்த்தாள். "சாயங்காலம் அப்பாகிட்டச் சொல்லிடறேங்க. இப்பச் சொன்னா, நின்னுட்டு இருக்கறவங்க உழுந்துருவாங்க."

கீழே இறங்கினார்கள். மற்றவர்கள் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்ட சந்தோஷத்தில் இருந்தார்கள். குமாரசாமி வாசல் வரை வரவில்லை. கூடத்துச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றபடியே கைகூப்பி விடைகொடுத்தார். வயசான காலத்தில் தன்னால் இவ்வளவு நேரம் நின்று களைத்துப்போய்விட்டார் என்று முருகானந்தம் நினைத்தான். காலில் விழலாம் என்று பார்த்தான். குனிந்தால் சட்டை மேலேறும். அதையும் செய்யவில்லை.

"நீ எங்கடா போற?" என்றாள் ஜானகியம்மாள், காரில் ஏறியபடி.

"ஒரு வேண்டுதல் பாக்கி இருக்கும்மா. முடிச்சிட்டு வாரேன்."

"எம்பையன்," என்றாள் அவள், அப்பாவிடம்.

*

ராசிபுரத்தில் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லை. முதலில் பார்த்த கிளினிக்கில் கூட்டம், எல்லோரும் குமாரசாமியிடம் பட்டு வேட்டி வாங்குகிற ஜனமாகத் தெரிந்தார்கள். அடுத்ததன் வாசலில் அம்மாவின் தூரத்துச் சொந்தம் போல ஒரு பெண் நின்றிருந்தாள். மூன்றாவது கிளினிக் ஒரு சந்துக்குள், பழைய இரும்புக் கடைக்கு மாடியில் இருந்தது. அவமானப்படுவதற்கு அதைவிட மறைவான இடம் கிடைக்காது. ஆனாலும் உடனே ஏறவில்லை. எதிரில் இருந்த கடையில் நின்றபடி ஒரு டீ குடித்தான். ஆணி குத்திவிட்டது என்று சொல்லலாமா என்று யோசித்தான். எந்த ஆணிக்கு வால் இருக்கிறது? இன்னொரு டீ சொன்னான்.

குடித்து முடிப்பதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தான். முதலில் இதை எடுத்துவிட வேண்டும். பிறகு அம்மாவிடமிருந்து ஷாலினியின் நம்பரை வாங்கி, சாயங்காலத்துக்குள் அவளைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். அவள் சிரிக்கட்டும். அவள் சொல்லி அந்த நல்ல மனுஷருக்கும் தெரியட்டும். அவர் காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். விரதமிருந்து மலையேறி வந்தவரை, ஒரு ரப்பர் மீனை மறைப்பதற்காக அத்தனை நேரம் நிற்க வைத்தவனுக்கு அது போதாது.

மாடியேறினான். வரவேற்பில் ஒரு நர்ஸ் பஞ்சு சுருட்டிக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை. உள்ளறையின் திரைக்குப் பின்னால் யாரோ முனகுவதும் நடுநடுவே சிரிப்பதும் கேட்டது.

"என்னங்கண்ணா?"

முருகானந்தத்தால் வாயால் சொல்ல முடியவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, திரும்பி நின்று, சட்டையைத் தூக்கினான். வேட்டி மடிப்பிலிருந்து பச்சை மீனின் வால் வெளியே வந்து ஒரு முறை ஆடி நின்றது.

நர்ஸ் சிரிக்கவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை.

"செத்த நில்லுங்கண்ணா," என்றாள், பஞ்சை வைத்துவிட்டு. "உள்ள ஒரு பெரியவருக்கு இப்பத்தான் இதே மாதிரி ரப்பர் மீனு எடுத்துட்டிருக்காங்க, மகளைப் பொண்ணு பாக்க வந்த பையன் கடைசி வரைக்கும் உக்காராம நின்னதாலதான் மானம் தப்பிச்சுதுன்னு டாக்டருகிட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாரு."